ஓய்வுபெறாத இயங்குதளங்கள்

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ கணினிப் பாடம் படித்தவர்களுக்கு அந்த நீலத் திரை நினைவிருக்கும். அடர்நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்துகள், மேலே சாம்பல் நிறப் பட்டை, சொன்ன பேச்சை எப்போதாவது கேட்கும் மவுஸ். போர்லாந்து நிறுவனத்தின் டர்போ சி பிளஸ் பிளஸ். அதன் 3.0 பதிப்பு வந்தது 1991இல். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு ஐஎஸ்ஓ அமைப்பு முதல் இலக்கணம் வகுத்ததோ 1998இல். இலக்கணம் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பே செய்து முடித்த கருவியில் அந்த மொழியைக் கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

டர்போ சி, டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. ஆய்வகத்தில் இருப்பதோ விண்டோஸ் 10 அல்லது 11. பிறகு எப்படி ஓடுகிறது? இடையில் டாஸ்பாக்ஸ் என்று ஒரு நிரல் இருக்கிறது. பழைய செயலி, பழைய திரை அட்டை, பழைய ஒலி அட்டை எல்லாவற்றையும் கணக்குப் போட்டே நடித்துக்காட்டும் நிரல் அது. அந்தப் போலிக் கணினிக்குள் டாஸ், டாஸுக்குள் டர்போ சி, அதற்குள் மாணவர் எழுதிய ஃபிபனாச்சி வரிசை. டாஸ்பாக்ஸை உருவாக்கியவர்கள் நினைத்தது 1990களின் கணினி விளையாட்டுகளை மறுபடி ஆடிப்பார்க்க வேண்டும் என்பதைத்தான். நம் ஊரில் அது செமஸ்டர் தேர்வைத் தாங்கி நிற்கிறது.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். ஒரு சிறு உதாரணம். டர்போ சியில் 'இன்ட்' வகை மாறிக்கு 2 பைட், அதாவது 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதோடு ஒன்றைக் கூட்டினால் 32,768 வராது, மைனஸ் 32,768 வரும். அதனால்தான் 7 வரை ஒழுங்காக விடை சொல்லும் ஃபேக்டோரியல் நிரல் 8க்கு வாய்க்கு வந்ததைச் சொல்லும். 7இன் ஃபேக்டோரியல் 5,040, எட்டினுடையது 40,320. எல்லை 32,767தான். மாணவரின் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியிலும் இன்றைய கணினிகளுக்கான கம்பைலர்களிலும் 'இன்ட்' என்றால் 4 பைட். தேர்வுத்தாளில் 2 என்று எழுதினால் மதிப்பெண், வேலைக்கான நேர்காணலில் 4 என்று சொன்னால் வேலை. இரண்டு விடையும் எப்போது சரி, எதனால் சரி என்று தெரிந்தவர் பிழைத்துக்கொள்கிறார். தெரியாதவர், மொழியின் குணம் எது, அன்றைய செயலியின் குணம் எது என்று பிரித்தறியாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்.

டாஸுக்காக நான் பரிந்து பேசவும் ஓர் இடம் உண்டு. டாஸில் இயங்கும் நிரலுக்குக் கணினி முழுவதும் சொந்தம். திரைக்குரிய நினைவகத்தின் முகவரியில் ஒரு எண்ணை நேரடியாக எழுதினால் அந்தக் கணமே திரையில் ஓர் எழுத்து முளைக்கும். இன்றைய இயங்குதளத்தில் அதைச் செய்யப் பார்த்தால் நிரலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இயந்திரத்தை இவ்வளவு கிட்டத்தில் தொட்டுப் பார்த்த ஒரு தலைமுறை அதனால் கற்றதும் உண்டு. ஆனால் நம் ஆய்வகங்களில் டர்போ சி நீடிப்பது இந்தக் காரணத்துக்காக அல்ல. ரெக்கார்டு நோட்டில் இருக்கும் நிரல்கள் அதற்கேற்ப எழுதப்பட்டவை. முதல் வரியில் 'கோனியோ', தொடங்கியதும் 'கிளியர் ஸ்கிரீன்', முடியும்போது 'கெட்ச்' என்பது சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வழிவழியாக வருகிறது. தேர்வன்று வரும் வெளித் தேர்வாளரும் அதில் படித்தவர்தான். மென்பொருளை மாற்றுவது அரை மணி நேர வேலை. பாடத்திட்டம், செய்முறைக் கையேடு, வினா வங்கி, திருத்துபவரின் பழக்கம் இவ்வளவையும் ஒருசேர மாற்றுவது யாருடைய வேலை என்பதில்தான் சிக்கல்.

பழைய இயங்குதளம் ஒன்று எங்கேனும் உயிரோடிருந்தால், அது எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அந்த 'எதையோ' இயங்குதளத்தைவிட விலை கூடியது.

இதைப் புரிந்துகொள்ள இயங்குதளத்தின் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைய இயங்குதளங்களில் நிரல்கள் வன்பொருளைத் தாமாகத் தொடுவதில்லை. கோப்பைத் திற, இத்தனை பைட் படி, திரையில் வரை என்று இயங்குதளத்திடம் கேட்கின்றன. எந்தச் சேவையை எப்படிக் கேட்பது என்பதற்கு வரையறை உண்டு. புதிய பதிப்பிலும் அந்த வரையறை மாறாமலிருந்தால் பழைய நிரல் ஓடும். இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் காட்டிய பொறுமை அசாதாரணமானது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிட் நிரல்கள் பல, விண்டோஸ் 11இலும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகின்றன.

இரண்டு இடத்தில்தான் சங்கிலி அறுந்தது. முதலாவது, டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள். 2003இல் ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் செயலி அமைப்பில், செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது, பழைய 8086 செயலியாக வேடம் போடும் வசதி அணைந்துவிடும். டாஸ் நிரல்களை விண்டோஸ் ஓட்டிவந்தது அந்த வசதியை வைத்துத்தான். 32 பிட் விண்டோஸ் 10 வரை ஒரு ஓரமாக அது இருந்தது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

இரண்டாவது, டிரைவர்கள். சாதாரண நிரல் பந்தியில் உட்கார்ந்திருப்பவரைப் போல. கேட்டது இலைக்கு வரும், எழுந்துபோய்க் கரண்டியைப் பிடிக்க முடியாது. டிரைவர் அடுப்படி ஆள். இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே, அதே நினைவகப் பரப்பில், அதே அதிகாரத்தோடு ஓடுவது. 64 பிட் கருவுக்குள் 32 பிட் டிரைவரை ஏற்ற வழியே இல்லை. போதாததற்கு 64 பிட் விஸ்டாவிலிருந்து, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை விண்டோஸ் உள்ளே விடுவதும் இல்லை. பல்கலைக்கழக ஆய்வகங்களில் எக்ஸ்பி ஏன் இருக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பல லட்சம் ரூபாய்க்கு வாங்கிய நிறமாலைக் கருவி ஒன்று, கணினிக்குள் செருகிய தனி அட்டை வழியாகப் பேசுகிறது. அந்த அட்டைக்கு டிரைவர் எழுதிய நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், அல்லது "புதிய கருவி வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கலாம். கருவி இன்னும் துல்லியமாக அளக்கிறது. கணினியின் விலை கருவியின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. எக்ஸ்பியைத் தூக்கி எறி என்றால் கருவியைத் தூக்கி எறி என்று பொருள்.

தமிழ் அச்சுலகத்திலும் இதேபோல் ஒரு முடிச்சு உண்டு. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்யும் டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர் இருக்கும். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டது அது, 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 2001இல் 7.0 வந்தது. அதோடு அந்த வம்சம் முடிந்தது. விஸ்டாவில்கூட அது ஓடும் என்று அடோபி உத்தரவாதம் தரவில்லை. ஆகவே எக்ஸ்பி.

ஏன் புதிய மென்பொருளுக்குப் போகவில்லை என்று டிடிபி கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. ஆனால் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் 256 இடங்கள் கொண்ட அட்டவணையில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில 'எஃப்' எழுத்தின் எண்தான். பாமினி அதைக் 'க' என்று காட்டும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, ஆனால் இந்த ஏமாற்று வேலைக்கு அதுவே வசதி. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது, விண்டோஸ் 2000 முதல் கணினியிலும் வந்துவிட்டது. ஆனால் யூனிகோடில் 'கொ' என்பது 'க'வும் ஒரு குறியும்தான். கொம்பை முன்னே, காலைப் பின்னே கொண்டுவந்து நிறுத்துவது பக்கம் வடிவமைக்கும் மென்பொருளின் பொறுப்பு. பேஜ்மேக்கருக்கு வாரிசு என்று அடோபி கைகாட்டிய இன்டிசைன், இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கக் கற்றது 2012இல். நடுவில் பத்து ஆண்டுக்கும் மேலான இடைவெளி. அந்த இடைவெளியில் கடைக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த 2010இல், அவரிடம் ஆயிரக்கணக்கான பேஜ்மேக்கர் கோப்புகள் சேர்ந்திருந்தன. போன வருஷ நோட்டீஸையே தேதி மாற்றிக் கேட்கும் வாடிக்கையாளரும் இருந்தார். அவர் பழமைவாதி அல்லர். மென்பொருள் உலகம் தமிழைக் கவனிக்கத் தாமதித்ததன் செலவைத் தன் கடையில் வைத்துத் தாங்கியவர்.

சரி, ஓடுகிற கணினி ஓடட்டுமே, என்ன ஆபத்து? மென்பொருள் துருப்பிடிப்பதில்லை, தேய்வதுமில்லை. 2001இல் வந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்தியது. ஏப்ரல் 9 காலையில் அந்தக் கணினிகள் முந்தைய நாள் போலவேதான் எழுந்தன. மாறியது வெளியுலகம். ஒவ்வொரு மாதமும் புதிய விண்டோஸுக்குத் திருத்தங்கள் வருகின்றன. திருத்தத்துக்கு முன்பிருந்த கோப்பையும் பின்பு வந்த கோப்பையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அதே வரிகள் பழைய விண்டோஸிலும் இருந்தால், அங்கே ஓட்டை இருக்கிறது, அடைக்க ஆளில்லை. புதியவருக்குக் கொடுத்த மருந்துச் சீட்டைப் படித்துத்தான் பழையவரின் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பழைய விண்டோஸ் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை வான்னாக்ரை என்ற கணினிப் புழுவுடையது. 2017 மே 12 அன்று கிளம்பி, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் மருத்துவமனை நிர்வாக அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. ரத்தான சந்திப்புகள் 19,000க்கும் மேல் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் தப்பவில்லை. எக்ஸ்பியை விட்டொழிக்காததன் விளைவு என்று அன்று தலையங்கங்கள் எழுதப்பட்டன.

ஆனால் அந்த மருத்துவச் சேவையில் எக்ஸ்பி கணினிகள் அப்போது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தொற்றுக்கு ஆளானவற்றில் சுமார் 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்குச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பியைத் தாக்கும்போது அந்தப் புழு பெரும்பாலும் கணினியையே நிலைகுலையச் செய்துவிட்டது. கணினி நின்றுபோனால் பூட்டவும் முடியாது, பரவவும் முடியாது. விண்டோஸ் 7க்கோ அப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது. நிறுவத்தான் ஆளில்லை.

அந்த ஓட்டையின் உள்ளே போய்ப் பார்ப்பது இன்னும் சுவையானது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவிடமிருந்து கசிந்ததாகக் கருதப்படும் 'எடெர்னல் புளூ' என்ற தாக்குநிரல் குறிவைத்தது, கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை. 1980களில் ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் கூட்டாகச் செய்த ஓஎஸ்/2 என்ற இயங்குதளத்தில், கோப்புகளோடு கூடுதல் விவரப் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலை விண்டோஸின் வடிவத்துக்கு மாற்ற ஒரு சிறு செயற்கூறு விண்டோஸுக்குள் இருந்தது. வந்திருக்கும் பட்டியலில் ஒழுங்கான பகுதி எதுவரை என்று பார்த்து, அதன் நீளத்தைக் குறைத்து எழுதுவது அதன் கடமை. நீளம் 32 பிட் எண்ணாக வைக்கப்பட்டிருந்தது. திருத்தி எழுதும் வரியோ கீழ்ப்பாதி 16 பிட்டை மட்டும் எழுதியது. மேல்பாதி அப்படியே நின்றது.

எண்களில் பார்ப்போம். தாக்குபவர் நீளம் 65,536 என்று அனுப்புகிறார். இரும எண்ணில் இது மேல்பாதியில் 1, கீழ்ப்பாதி முழுவதும் 0. ஒழுங்கான பகுதி 65,373 வரைதான் என்று விண்டோஸ் கண்டுபிடித்துக் கீழ்ப்பாதியில் 65,373ஐ எழுதுகிறது. மேல்பாதியில் இருக்கும் 1 அழியவில்லை. அதன் மதிப்பு 65,536. இரண்டும் சேர்ந்து 1,30,909. குறைக்கப் போன எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. சிறிய அளவுக்கு ஒதுக்கிய நினைவகத்தில் பெரிய அளவுக்குத் தரவை நகலெடுக்கிறார்கள். மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் வழிகிறது. அது இயங்குதளத்தின் கருவுக்குச் சொந்தமான இடம். அங்கே தன் கட்டளையை எழுதிவைப்பவர் கணினிக்கே எசமான்.

சந்தையில் என்றோ மறைந்துபோன ஓர் இயங்குதளத்தோடு பேசுவதற்கான சில வரிகள் எக்ஸ்பியிலும் இருந்தன, 7இலும் இருந்தன, அன்று புத்தம் புதிதாயிருந்த 10இலும் இருந்தன. பழைய இயங்குதளம், புதிய இயங்குதளம் என்று நாம் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு, உள்ளே இருக்கும் வரிகளின் வயதைச் சொல்வதில்லை. அதனால் பழைய கணினியைப் பார்த்தால் வயதைக் கேட்பதைவிட, அது எந்த வலையோடு இணைந்திருக்கிறது என்று கேட்பது பயன் தரும். நிறமாலைக் கருவியோடு மட்டும் பேசி, வேறெந்தக் கம்பியும் செருகாமல் நிற்கும் எக்ஸ்பி, திருத்தம் போடாமல் அலுவலக வலையில் கிடக்கும் விண்டோஸ் 10ஐவிடப் பாதுகாப்பானது. ஆனால் வலையைத் துண்டித்தோம் என்று சொல்வோரில் பலர் பென் டிரைவை மறந்துவிடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சில்லுத் தொழிற்சாலைகள் நின்றுபோனது இதுபோன்ற வேறொரு மறதியால்தான். புதிதாக வந்த இயந்திரம் ஒன்றை நச்சுநிரல் சோதனை செய்யாமல் வலையில் இணைத்தார்கள். உள்ளே வான்னாக்ரையின் ஒரு வகை இருந்தது. தொழிற்சாலைக் கருவிகளில் திருத்தம் போடாத விண்டோஸ் 7. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 3 விழுக்காடு அடிபடும் என்று நிறுவனமே அறிவித்தது.

தனித்து நிற்கும் பழமையிலும் தொல்லை உண்டு, அது வேறு வகை. 2015 நவம்பரில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் மூடுபனி நேரத்தில் ஓடுபாதைப் பார்வைத் தூரத்தை விமானிகளுக்குத் தரும் அமைப்பு முடங்கி விமானங்கள் நின்றன. அது ஓடியது 1992இன் விண்டோஸ் 3.1இல். சான் பிரான்சிஸ்கோவின் சுரங்க ரயில் கட்டுப்பாடு, 1998இல் நிறுவியது, ஒவ்வொரு காலையும் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியிலிருந்து எழுந்துவந்தது. அதை மாற்ற 2024இல்தான் ஒப்பந்தம் ஆனது. இவற்றின் எதிரி இணையத் திருடன் அல்லன். காந்தப் பூச்சு உதிரும் ஃப்ளாப்பி, அதைவிட முக்கியமாக, விஷயம் தெரிந்த ஊழியரின் ஓய்வு வயது.

மாற்ற வேண்டும் என்று மேலிருந்து தேதி குறித்தால் மாற்றம் நடக்கும் என்பதற்கு நம் ஏடிஎம்கள் சாட்சி. எக்ஸ்பிக்கு ஆதரவு நின்று நான்கு ஆண்டுக்குப் பிறகும் பல வங்கிகளின் ஏடிஎம்கள் அதிலேயே பணம் எண்ணிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி பொறுமையிழந்து ஒரு சுற்றறிக்கை விட்டது. முதலில் பயாஸுக்குக் கடவுச்சொல், யூஎஸ்பி துளைக்குப் பூட்டு. பிறகு செப்டம்பருக்குள் கால்வாசி ஏடிஎம்கள், டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்வாசி, ஜூனுக்குள் முழுவதும் மாற வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அப்படிக் கட்டளையிட யாருமில்லை, கட்டளையிட்டாலும் பணம் யார் தருவது என்ற கேள்வி வரும்.

கேரளம் வேறு வழியில் போனது. 2000களின் நடுவிலிருந்தே அங்கே அரசுப் பள்ளிகளில் லினக்ஸ். இப்போது 'கைட்' என்ற அரசு நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தழுவிப் பள்ளிக்கென ஒரு பதிப்பைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. உரிமத்துக்குப் பணமில்லை, பழைய கணினியிலும் ஓரளவு ஓடும். இதுவே தீர்வு என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கும் இலவச ஆதரவு ஐந்து ஆண்டுதான். 2018இன் பதிப்பு 2023இலேயே கரை சேர்ந்துவிட்டது. அதை மாற்றாத பள்ளியும் காலாவதியான இயங்குதளத்தில்தான் ஓடுகிறது. கேரளத்தின் சாதனை லினக்ஸைத் தேர்ந்ததில் பாதி. பதிப்பை மாற்றிக்கொண்டே இருக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்ததில் மீதி.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் ஆதரவும் நின்றது. முந்தைய மாற்றங்களில் பெரும்பாலும் நினைவகத்தைக் கூட்டினால் புதிய பதிப்பு ஓடிவிடும். இம்முறை அப்படியில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அதற்கு முந்தையவை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எவ்வளவு வேகமாக இருந்தாலும் தகுதியில்லாதவை. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் வந்தவை எல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. மாற முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கட்டணத் திருத்தம் விற்கிறது. நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு. கல்வி நிலையங்களுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. நான்காம் ஆண்டுக்கு விலைப்பட்டியல் இல்லை.